மண்டோர் திரும்பிய பிறகு



கீழ்ப்படிதல் என்றதும் ஆபிரகாம் தன் மகனோடு மலைக்குப் போனதுதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அது பெரிய காரியம். நமக்கோ விடியற்காலைப் பிரட்டு, நிரை, குலை, பிறகு அடுப்படி, பிள்ளைகளின் பள்ளிப் பை. இதற்கு நடுவே கர்த்தருக்குக் கீழ்ப்படிய இடம் எங்கே என்று கேட்கிறவர்கள், பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்.

எஜமான் பார்க்கும்போது மட்டும் உழைப்பதை அவர் அங்கே கண்டிக்கிறார். கிரேக்க மூலத்தில் அதற்கு ஒரே சொல். 'கண்ணுக்கு அடிமைவேலை' என்று பொருள். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க உரைநூல் வேண்டாம். பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். வாளியில் தண்ணீர் கலந்தால் ஸ்டோரில் கிராணியின் மானி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் கத்தி ஆழமாக இறங்கி உள்தோல் காயப்பட்டால் அன்றைய தராசுக்கு அது தெரியாது. சில ஆண்டுகள் கழித்து அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக நிற்கும். அப்போது அந்த மரத்தில் கத்தி வைத்துத் திண்டாடுகிறவர் வேறொருவர்.

நெகிரி செம்பிலானில் பல தோட்டங்களில் இன்று ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. சோதனை மட்டும் போகவில்லை. எண்ணிக்கைக்காகப் பச்சைக் குலையை வெட்டலாம். மட்டைக்கு அடியில் மறைக்கவும் செய்யலாம். உதிரிப் பழத்தில்தான் எண்ணெய் அதிகம். ஆனால் குனிந்து பொறுக்கினால் இடுப்பு ஒடியும். மண்டோர் அடுத்த நிரைக்குத் திரும்பிய பிறகு அந்தப் பழங்களை என்ன செய்கிறோம்? கர்த்தருக்கென்று செய் என்பதன் பொருள் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வசனத்தைத் தொழிலாளிக்கு மட்டும் வாசித்துக் காட்டி, துரைக்கு அடங்கி நட என்று முடித்துவிடுவது எளிது. பவுல் அங்கே முடிக்கவில்லை. நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம் எஜமானர்களுக்கு: நியாயமாகக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமானர் இருக்கிறார் என்கிறது. கொலோசே சபையில் இந்தக் கடிதத்தை அடிமையும் எஜமானும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள். அதைக் கொண்டுபோனவரோடு அனுப்பப்பட்டவன் ஒநேசிமு. பிலேமோனின் அடிமையாக இருந்தவன்! அவனைத் தம் சகோதரன் என்கிறார் பவுல்.

ஆகவே எடை குறைத்து எழுதினால் தயங்காமல் கேட்பதும், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சேருவதும் கர்த்தருக்குக் கீழ்ப்படியாமை ஆகாது. பட்டணத்தில் கடையும் பட்டறையும் வைத்திருக்கும் சபையாரும் இதைக் கவனிக்கட்டும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆக்கப்பட்டது. ஞாயிறு காணிக்கையைத் தாராளமாகப் போட்டுவிட்டு, திங்களன்று வேலையாளின் கூலியில் கைவைப்பவர் யாருக்குக் கீழ்ப்படிகிறார்?

வீட்டுக்கும் இதே அதிகாரம்தான். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற 20-ஆம் வசனம் எல்லாத் தகப்பன்மாருக்கும் மனப்பாடம். "இவன் சொல்பேச்சுக் கேட்பதில்லை வாத்தியாரே, நாலு போடுங்கள்" என்று பள்ளிக்கு வந்து சொல்லும் தகப்பன்மாரை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அடுத்த வசனம் அவர்களுக்கே எழுதப்பட்டது என்றால் வியப்படைகிறார்கள். பிள்ளைகளை எரிச்சலூட்டாதிருங்கள், அவர்கள் மனம் சோர்ந்துபோவார்கள் என்பது அதன் கருத்து. சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து, படிக்கிற பிள்ளையின் விளக்கை அணைத்துத் திட்டுகிற வீட்டில் அந்தச் சோர்வை நான் மறுநாள் வகுப்பில் காண்கிறேன். வாயில் பதில் வராது, பென்சில் நகராது. அந்தப் பிள்ளையை அடித்து என்ன பயன்?

இந்த வாரம் ஓர் இரவு குடும்ப ஜெபத்தில் இந்தப் பகுதியை எடுங்கள். 20-ஆம் வசனத்தைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். 21-ஆம் வசனத்தைத் தகப்பன் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணாடி இல்லை, எழுத்து சிறிது என்று அம்மாவிடம் தள்ளிவிடக் கூடாது.