யாரைக் காக்க இந்தப் பூட்டு?

சீனாவுடனான 1962 போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கையை மக்கள் கண்ணில் காட்டுவதில்லை என்ற முடிவில் டெல்லி அசையாமல் நிற்கிறது. 25 ஆண்டுகள் கடந்த போர் ஆவணங்களை ஆராய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவதே இனி நடைமுறை என்று 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்து அறிவித்தபோது, இந்த அறிக்கைக்கும் விடிவு வரும் என்று நம்பியவர்களில் நாமும் உண்டு. அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. 1963ல் ராணுவத் தலைமையிடம் ஒப்படைக்கப்பட்ட அறிக்கை இது. 25 ஆண்டுக் கெடு 1988லேயே முடிந்தது. 50 ஆண்டும் 2013ல் முடிந்தது. எழுதிய இரண்டு அதிகாரிகளும் இன்று இல்லை. அன்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களும் இல்லை. இன்னும் யாருக்காக இந்தப் பூட்டு?

சொல்லப்படும் காரணத்தை வாசகர்கள் அறிவார்கள். அறிக்கையில் உள்ளவை இன்றும் ராணுவ நடவடிக்கைகளுக்குப் பொருந்தக்கூடியவை, ஆகவே வெளியிட முடியாது என்று 2010ல் நாடாளுமன்றத்தில் பதில் தரப்பட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவருக்கும் அதே ஆண்டு மத்திய தகவல் ஆணையத்தில் கதவு அடைக்கப்பட்டது. 2014ல் ஆட்சி மாறியது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது அறிக்கையை வெளியிட வேண்டும் என்று எழுதியவர்களே, பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள் வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் சொன்னார்கள். கட்சி மாறியும் பதில் மாறவில்லை என்பதே நம்மை அதிகம் உறுத்துகிறது.

ராணுவத்துக்கு இன்றும் பொருந்தும் ரகசியம் அதில் என்ன இருக்க முடியும்? அன்று நம் வீரர்கள் தோளில் சுமந்தது .303 துப்பாக்கி. தவாங்குக்குப் போகும் பாதை பல இடங்களில் கழுதைப் பாதை. இன்று சேலா மலையைக் குடைந்து 13,000 அடி உயரத்தில் சுரங்கச் சாலை அமைத்து, 2024 மார்ச்சில் திறந்தும் வைத்துவிட்டோம். அன்றைய நிலைகளையும் பாதைகளையும் நேரில் பிடித்து, நம் வீரர்களைச் சிறையில் வைத்து மாதக்கணக்கில் விசாரித்த சீனாவுக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அறியாமல் இருப்பவர்கள் இந்திய மக்கள் மட்டுமே. அவர்களும் முழுதாக அறியாதவர்கள் அல்லர். 2014 மார்ச்சில் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அறிக்கையின் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டார். எல்லை எங்கும் இடிந்து விழவில்லை. சொந்த நாட்டு ராணுவத்தின் அறிக்கையை வெளிநாட்டவர் தயவில் படிக்கும் வெட்கக்கேடு மட்டும் நமக்கு மிஞ்சியது.

நாம்கா சூ நினைவுக்கு வரும்போதெல்லாம் இந்த மறுப்பைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1962 செப்டம்பர் 8ஆம் தேதி, நாம்கா சூ கரையில் இருந்த தோலா காவல் நிலையை சீனப் படைகள் சூழ்ந்தன. அவர்களை விரட்டும் பொறுப்பு 7வது பிரிகேடுக்குத் தரப்பட்டது. சமவெளியிலிருந்து அவசர அவசரமாக மேலே நடத்திச் செல்லப்பட்ட அந்த வீரர்களில் பலர் பருத்திச் சீருடையில் இருந்தார்கள். காலில் கான்வாஸ் காலணி. ஆளுக்கு 50 தோட்டா அளவே கையில். விமானத்திலிருந்து போடப்பட்ட உணவும் போர்வையும் கணிசமான அளவில் பள்ளத்தாக்குகளில் விழுந்து காணாமல் போயின. நாம்கா சூ ஒரு சிற்றாறு. அதன் தென்கரையில், பள்ளத்தில் நம்மவர்கள். எதிரே தாக்லா மலைமுகட்டில், மேலிருந்து பார்த்தபடி சீனப் படை. அக்டோபர் 10ஆம் தேதி செங் ஜோங்கில் 9வது பஞ்சாப் பட்டாலியனின் சிறு குழு ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை எதிர்த்து நின்று மோதியது. என்ன வரப்போகிறது என்பது அன்றே களத்தில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் வசதியான இடத்துக்கு நகர்ந்து தற்காப்பு நிலை எடுக்கலாம் என்றார்கள். அசையாதீர்கள் என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து, நம் மண்ணிலிருந்து அந்நியரை அகற்ற ராணுவத்துக்குக் கட்டளையிட்டாகிவிட்டது என்று வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பும் வழியில் பிரதமர் செய்தியாளர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். எந்தப் படையை வைத்து என்று யாரும் அன்று கேட்கவில்லை.

அக்டோபர் 20 விடியற்காலையில் பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. சில மணி நேரத்தில் ஒரு பிரிகேடே சிதைந்தது. 2வது ராஜ்புத் பட்டாலியனில் மட்டும் 280க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாம் இதை எழுதும்போதும் அந்த எண்ணைச் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. ஒரு பட்டாலியனில் பாதிக்கு மேல்! பிரிகேடியர் ஜான் டால்வி சிறைபிடிக்கப்பட்டார். அவருக்கு மேலே இருந்து அந்தப் போரை நடத்த வேண்டிய தளபதி, உடல்நலம் குன்றி டெல்லியில் படுக்கையில் இருந்தபடி ஆணைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஆற்றங்கரையை விடாமல் பிடித்து நிற்கச் சொன்னது யார்? பின்வாங்கலாம் என்ற கோரிக்கை எந்த மேஜையில் நிராகரிக்கப்பட்டது? பருத்திச் சட்டையோடு அவர்களை மலையேற்றிய ஆணையில் கையெழுத்து யாருடையது? இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை அறியும் உரிமை உண்டு. ஓய்வூதியத்தையும் பதக்கத்தையும் கொடுத்துவிட்டதால் அந்த உரிமை தீர்ந்துவிடாது.

நவம்பரில் இரண்டாவது அலை வந்தது. வாலோங்கில் 6வது குமாவோன் பட்டாலியன் திருப்பித் தாக்கி, தன் வலிமை முழுவதையும் இழந்தது. உணவும் ஆயுதமும் ஓரளவு சேர்த்து வைத்திருந்த சேலா கணவாய், பெரிய சண்டை ஏதும் இன்றிக் கைவிடப்பட்டது. மறுநாள் பொம்டிலா வீழ்ந்தது. அதே நவம்பர் 18ஆம் தேதி, லடாக்கில் சூஷுலுக்கு அருகே ரேசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் 13வது குமாவோனின் ஒரு கம்பெனி, ஏறத்தாழ 120 பேர், இருந்த இடத்திலேயே நின்று சண்டையிட்டு மடிந்தது. பிழைத்து வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது நம்ப மறுத்தார்கள். இத்தனை பேர் ஓடாமல் நின்றிருக்க முடியுமா என்ற சந்தேகம்! அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆட்டிடையர் ஒருவர் அந்த மலைக்குப் போனார். பதுங்குகுழிகளில், ஆயுதம் ஏந்திய கையோடு உறைந்துகிடந்தார்கள் வீரர்கள். பிறகே உண்மை ஏற்கப்பட்டது.

களத்தில் நின்றவன் மீது சந்தேகம், ஆணையிட்டவர் மீது மௌனம். இந்த ஒரு முறைகேடுதான் அந்த அறிக்கையின் மீது இன்றும் உட்கார்ந்திருக்கிறது. அரசே சொன்ன கணக்குப்படி இறந்தவர்கள் 1,383 பேர். காணாமல் போனவர்கள் 1,600க்கும் மேல். ஏறத்தாழ 4,000 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். சிறையிலிருந்து மீண்டவர்கள் தாய்மண்ணில் கால் வைத்ததும் ராஞ்சிக்குக் கொண்டுபோகப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். டெல்லியில் கோப்பு எழுதியவர்களை யார் விசாரித்தார்கள்? லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸுக்கும், விக்டோரியா கிராஸ் பெற்ற பிரிகேடியர் பகத்துக்கும் தரப்பட்ட வரம்பிலேயே தலைமையகத்தின் செயல்பாடு இடம்பெறவில்லை. அமைச்சகத்தின் கோப்புகள் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. கையைக் கட்டிவிட்டுத் தேடச் சொன்னார்கள். அப்படியும் அவர்கள் நேர்மையாக எழுதியதாலேயே அறிக்கை பூட்டப்பட்டது என்பது நம் உறுதியான கருத்து. வெளிவந்த பகுதியே அதற்குச் சாட்சி: படைபலம் சேர்க்காமல் முன்னேறும் கொள்கை திணிக்கப்பட்டதையும், சீனா எதிர்வினை காட்டாது என்ற ஊகத்தின் மேல் எல்லாம் கட்டப்பட்டதையும் அது பதிவு செய்கிறது.

எச்சரிக்கை இல்லாமலா நடந்தது? சீனா அக்சாய் சின் வழியாகச் சாலை போட்டு முடித்ததை 1957ல் உலகுக்கே அறிவித்தது. 1959ல் ராணுவத் தளபதி ஒருவர் மனம் நொந்து ராஜினாமா கடிதம் கொடுத்தார். அதைத் திரும்பப் பெறவைத்து, அவர் எழுப்பிய பிரச்சினையையும் அதோடு புதைத்தார்கள். 1960ல் கிழக்குப் பிராந்தியத் தளபதி தோரட், எதிரி எப்படி வருவான், எங்கே தடுக்க வேண்டும் என்று போர்ப் பயிற்சி நடத்தியே காட்டினார். அவர் தந்த திட்டம் ஒதுக்கிவைக்கப்பட்டது. விமானப் படையின் போர் விமானங்களைக் கடைசிவரை பயன்படுத்தவே இல்லை.

பிறகும் புத்தி வரவில்லை. அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவே 1992ல் இந்தப் போரின் வரலாற்றை எழுதி முடித்தது. அதையும் முறையாக வெளியிடாமல் வைத்திருந்து, கடைசியில் கசிந்துதான் நாம் படித்தோம். 1971ல் நாம் வென்ற போரின் ஆவணங்கள் கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010ல் செய்தி வந்தது. தோல்வியைப் பூட்டிவைக்கிறார்கள், வெற்றியையும் தொலைக்கிறார்கள். 1987ல் யாழ்ப்பாணத்துக்கு நம் வீரர்களை அனுப்பி, ஏறத்தாழ 1,200 பேரைப் பலிகொடுத்த முடிவுகளின் கணக்கை இன்றுவரை யார் மக்கள் முன் வைத்தார்கள்? அந்த மண்ணில் இறந்த தமிழ்க் குடிமக்களின் கணக்கும் அதோடு சேர்ந்தே மூடிக்கிடக்கிறது.

1999ல் கார்கில் மலைகளில் ஊடுருவியவர்களை முதலில் கண்டதும் ஆடு மேய்ப்பவர்களே. 527 வீரர்களின் உயிரைக் கொடுத்து அந்தச் சிகரங்களை மீட்டோம். அப்போது ஒரு நல்ல காரியம் நடந்தது. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த குழு சில மாதங்களிலேயே ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டுப் புத்தகமாகவும் அச்சிட்டார்கள். அதனால் எந்த எல்லை பலவீனப்பட்டது? உளவு அமைப்பு சீரானது. அதைத் தொடர்ந்து பரிந்துரைக்கப்பட்ட முப்படைத் தலைமைத் தளபதி பதவியை உருவாக்க மட்டும் 2019 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். கார்கிலுக்கு முடிந்தது 1962க்கு ஏன் முடியாது என்று கேட்டால் பதில் இல்லை.

தவறைப் படித்தால் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு நம் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி சாட்சி. 1986ல் சீனர்கள் சும்டோரோங் சூவில் வந்து உட்கார்ந்தபோது, நாம்கா சூவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜிமிதாங்கில் ஒரு பிரிகேடையே விமானம் மூலம் இறக்கினார். பள்ளத்தை விட்டுவிட்டு இந்த முறை நம்மவர்கள் உயரத்தைப் பிடித்தார்கள். ராணுவம் பாடம் கற்றுக்கொண்டது. கற்காதவர்கள் கோப்பு வைத்திருப்பவர்கள். மிக உயர்ந்த மலைப்பகுதிகளில் பணியாற்றும் வீரர்களுக்குக் காலணியும் பனிக்கண்ணாடியும் பற்றாக்குறை என்று தணிக்கைத் துறையின் அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1962ல் கான்வாஸ் காலணி, 58 ஆண்டுக்குப் பிறகும் காலணிப் பஞ்சம்! அந்த ஆண்டு ஜூன் 15ஆம் தேதி கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அந்த இரவு பற்றியும் முழு விவரம் இன்னும் நம்மிடம் இல்லை. அதையும் இதேபோல் பல பத்தாண்டுகள் பூட்டிவைக்கப் போகிறார்களா?

பாகிஸ்தான் 1971 தோல்வியை ஆராய்ந்த ஹமூதுர் ரகுமான் ஆணைய அறிக்கையைப் பல பத்தாண்டுகள் மறைத்துவைத்தது. 2000ல் இந்தியப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட பிறகுதான் அந்நாட்டு மக்கள் அதன் பகுதிகளைப் பார்த்தார்கள். அதைப் பார்த்து நாம் எள்ளி நகையாடினோம். எந்த முகத்தோடு? இஸ்ரேல் 1973 போரின் குறைகளை விசாரித்த அக்ரானட் குழுவின் இடைக்கால அறிக்கையை அடுத்த ஏப்ரலிலேயே வெளியிட்டது. சுற்றிலும் பகையோடு வாழும் நாடு அது.

1962 அக்டோபரில் இந்த நாட்டு மக்கள் எதையும் ஒளிக்கவில்லை. பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். தனி நாடு கேட்டுக்கொண்டிருந்த திராவிட முன்னேற்றக் கழகம் கிளர்ச்சியை நிறுத்திவிட்டு நாட்டின் பக்கம் நின்றது. பிரிவினைக் கோரிக்கையையே அடுத்த ஆண்டு கைவிட்டது. கேட்டதையெல்லாம் மக்கள் கொடுத்தார்கள். அவர்கள் பதிலுக்குக் கேட்பது ஒரே ஒரு அறிக்கை. அதை வெளியிடுவதற்கு ஏதேனும் ஒரு வழியை அரசு விரைவில் கண்டாக வேண்டும். தேவையென்றால் சில பக்கங்களை நீக்கட்டும், தேவையென்றால் வல்லுநர் குழு ஒன்றை அமைக்கட்டும். எப்படிச் செய்வது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால், செய்யட்டும். நாம்கா சூவிலிருந்தும் வாலோங்கிலிருந்தும் உயிரோடு திரும்பியவர்களில் மிக இளையவரும் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்.