மோட்டார் வண்டியும் கைத்திருத்தமும்

மாலைப் பொழுதில் நமது கல்லூரி வாயிலருகே சிறிது நேரம் நிற்போர், மாணவர் சிலர் தத்தம் வண்டிகளைச் சூழ்ந்து நின்று செய்யும் ஆலோசனைகளைக் கேட்டிருப்பர். ஒருவர் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொரு குழாயைப் பொருத்தியிருக்கிறார்; மற்றொருவர் காற்று வடிகட்டியை நீக்கியிருக்கிறார்; மூன்றாமவரோ தம் தந்தையாரின் காரில் பெட்ரோல் செல்லும் குழாயின்மீது காந்தக் கட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறார். மூவரும் ஒரே குரலாகக் கூறுவது, "இப்பொழுது வண்டி முன்னையினும் நன்றாக இழுக்கிறது" என்பதே. இக்கூற்று மெய்யோ? வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் கொண்டு நாமே செய்யும் எளிய மாற்றங்களால் எஞ்சினின் ஆற்றல் உண்மையிலேயே வளருமோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

எமது முடிபை முதற்கண்ணே கூறிவிடுதல் முறையாம். இத்தகைய மாற்றங்களுட் பெரும்பாலானவை ஆற்றலை வளர்ப்பனவல்ல. சில மட்டும் சிறிது வளர்ப்பன. அங்ஙனம் வளர்ப்பனவும் பிறிதொன்றை விலையாகக் கொள்ளாது வளர்ப்பதில்லை. இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: அளந்து பாராத ஒருவன் "வளர்ந்தது" என்று சொல்வதற்கு உரிமையுடையவனல்லன்.

முதலில் எஞ்சின் தொழிற்படும் வகையைச் சிறிது நோக்குவோம். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய நிக்கோலாஸ் ஓட்டோ என்பவர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைச் செப்பமுற அமைத்தார். இழுத்தல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றுதல் என்னும் அந்நான்கு தொழில்களையே இற்றை நாள் பெட்ரோல் எஞ்சினும் செய்து வருகிறது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். அளவாற் சொல்லின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்று வேண்டும். ஆகவே, ஆற்றலை மிகுதியாகப் பெற விரும்புவோன் காற்றையே மிகுதியாக உட்செலுத்தல் வேண்டும். வடிகட்டியையும் குழாயையும் மாற்றும் நம் நண்பர்களின் எண்ணம் இவ்வளவில் பிழையன்று.

பிழை எங்கேயெனின், காற்றைத் தடுப்பது எது என்று அவர்கள் ஆராயாமையே. எஞ்சினுக்குச் செல்லும் வழியில் த்ராட்டில் என்னும் கதவொன்று உண்டு. நாம் காலால் மிதிப்பது அதனையே. ஊருக்குள் செல்லும்போது அக்கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். ஓட்டுவோர் தாமே காற்றைத் தடுத்து வேகத்தை அடக்குகின்றனர். கதவை முக்காலும் சாத்தி வைத்துக்கொண்டு, அதன்முன் தொங்கும் மெல்லிய திரையை மட்டும் கழற்றி எறிந்தால் அறைக்குள் காற்று பெருகிவிடுமோ? 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் இதனைச் சோதித்து வெளியிட்டனர். கணிப்பொறியால் ஆளப்படும் தற்கால எஞ்சின்களில், அழுக்கடைந்த வடிகட்டியை நீக்கிப் புதியதை இட்டபோதும் பெட்ரோல் செலவு குறையவில்லை. முழு வேகத்தில் முடுக்கும்போது மட்டும் நூற்றுக்கு 6 முதல் 11 வரை காலம் குறைந்தது. கார்புரேட்டர் பொருந்திய பழைய வண்டியிலோ செலவு நூற்றுக்கு 2 முதல் 6 வரை குறைந்தது. ஆயின் இவ்வாதாயம் அழுக்கை நீக்கியதால் வந்ததேயன்றி, வடிகட்டியையே நீக்கியதால் வந்ததன்று என்பதை வாசகர்கள் கருத்திற் கொள்வார்களாக.

இதனை யாம் நூலறிவு கொண்டு மட்டும் கூறுகின்றோமல்லேம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன், இக்கல்லூரியில் மாணவராயிருந்த காலத்து, எம் நண்பர் ஒருவருடைய தமையனார் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராயிருந்தார். பல்லாண்டு சேமித்த பணங்கொண்டு, கார்புரேட்டர் பொருந்திய பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். கோடை விடுமுறையில் அவ்வண்டி எம் கையிற் சிக்கிற்று. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பரண்மேல் வைத்தோம். சைலன்சரின் உட்புறத் தகடுகளைக் குடைந்தெடுத்தோம். வண்டியை ஓட்டியபோது எழுந்த முழக்கத்தைக் கேட்டு, சிங்கத்தின்மேல் ஏறியவர்போல் பெருமிதம் கொண்டோம். ஊர் முழுதும் எம் திறமையைப் பறைசாற்றினோம்.

தமையனார் கோபித்திலர். ஒன்றே கேட்டார்: "எவ்வளவு கூடிற்று தம்பி? அளந்தீர்களா?"

மறுநாள் விடியற்காலையில், பாளையங்கோட்டைக்குத் தெற்கே நாங்குனேரி செல்லும் நெடுஞ்சாலையில், விளையாட்டு ஆசிரியரிடம் இரவல் பெற்ற நிறுத்துக் கடிகாரத்துடன் சென்றோம். மூன்றாவது கியரில் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டர் எய்தும் காலத்தைக் குறித்தோம். வடிகட்டி இன்றிப் பன்முறையும், அதனை மீளப் பொருத்திப் பன்முறையும் ஓட்டினோம். கிடைத்த வேறுபாடு ஒரு வினாடிக்கும் குறைவு. அதுவும் ஒருமுறை கூடிற்று, ஒருமுறை குறைந்தது. தெற்கு நோக்கி ஓட்டுவதற்கும் வடக்கு நோக்கி ஓட்டுவதற்கும் காற்றினால் உண்டான வேறுபாடு அதனினும் பெரிதாயிருந்தது. எம்முள் பருத்த உடலினராகிய நண்பர் இறங்கி நின்றபோது உண்டான வேறுபாடோ எல்லாவற்றினும் பெரிதாயிற்று!

இவ்வளவில் உண்மையை ஒப்புக்கொண்டிருப்பின் எமக்கு இழுக்கில்லை. ஆனால் ஊரெல்லாம் பேசிய வாய் அடங்க மறுத்தது. தமையனாரிடம், "ஓரளவு கூடியிருக்கிறது அண்ணே" என்றோம். வடிகட்டி மீண்டும் பரணுக்கே சென்றது. அவர் பள்ளிக்குச் செல்லும் வழியோ தேரிக்காட்டுச் செம்மண் சாலை. ஓராண்டு கழிவதற்குள் வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கிற்று. மேஸ்திரி எஞ்சினைப் பிரித்தபோது, உட்சென்ற செம்மண் தூள் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர்ச் சுவரையும் அரைத்துத் தேய்த்திருந்தது கண்டோம். அவ்வாண்டு தம் வீட்டுக் கிணற்றுக்குச் சுவர் எழுப்ப அவர் வைத்திருந்த பணம் எஞ்சினுக்குச் சென்றது. எம்மைப் பார்த்து அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அம்மௌனம் இன்றும் எம் நெஞ்சை விட்டகலவில்லை.

எளிய மாற்றங்கள் யாவும் வீண் என்று பிடிவாதம் பேசுதல் எமது நோக்கமன்று. சில மாற்றங்களுக்கு இயற்கை நூலின் ஆதாரம் உண்டு. எஞ்சின் சூட்டில் காய்ந்த 50 பாகை காற்றை விடுத்து, வெளியிலிருந்து 40 பாகை காற்றை இழுக்கச் செய்தால், அதன் செறிவு நூற்றுக்கு மூன்று பங்கு மிகும். சிலிண்டரின் தலைப்பகுதியைச் சிறிது இழைத்து, அழுத்த விகிதத்தை 8-லிருந்து 9-ஆக உயர்த்தினால், ஓட்டோ சக்கரத்தின் சூத்திரப்படி வெப்பத்திறன் 56.5 விழுக்காட்டிலிருந்து 58.5 விழுக்காடாகும். பௌதிக மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். உண்மை எஞ்சினின் திறன் இதனினும் மிகக் குறைவு எனினும், ஆதாயத்தின் வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரை என்பது விளங்கும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள வண்டியிலிருந்து அறுபது கிலோகிராம் எடையுள்ள நண்பர் ஒருவரை இறக்கிவிடுதல், முடுக்கத்தைப் பொறுத்தமட்டில், இதனினும் மிகுந்த பயன் தருவதன்றோ?

மேலும், அழுத்தத்தை உயர்த்தினால் எஞ்சினில் 'நாக்' என்னும் தட்டொலி எழும். எரிவாயு முறைப்படி எரியாது, பிற்பகுதி தானே வெடித்துப் பிஸ்டனை அறைவதால் எழும் ஒலி அது. இத்தட்டொலியை ஒழிக்க முயன்றவர்களின் வரலாறு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் ஏற்றது. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி என்னும் இருவர் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்தனர். பனிக்கடியிலும் முன்னதாக மலரும் ஒரு செடியின் சிவந்த இலை வெப்பத்தை மிகுதியாக ஏற்கிறது என்று கருதி, எரிபொருளையும் சிவப்பாக்கினால் அது விரைவில் ஆவியாகித் தட்டொலி நீங்கும் என்று எண்ணினர். சாயம் கையிற் கிட்டாமையால் அயோடினை இட்டனர். எரிபொருள் சிவந்தது; தட்டொலியும் குறைந்தது. நம் போன்றோர் அவ்விடத்திலேயே வெற்றி முழக்கியிருப்போம். மிட்ஜ்லியோ வேறு சிவப்புச் சாயங்களை இட்டுச் சோதித்தார். அவற்றால் ஒரு பயனும் விளையவில்லை. நிறமற்ற அயோடின் சேர்க்கை ஒன்றை இட்டார், தட்டொலி குறைந்தது. நிறம் காரணமன்று, அயோடினே காரணம் என்பது வெளிப்பட்டது. தாம் விரும்பிய கொள்கையைத் தாமே சோதித்து வீழ்த்தும் இத்துணிவே ஆராய்ச்சியாளனுக்கும் அளப்பவனுக்கும் உள்ள அணிகலன்.

ஆயினும் அவ்வரலாற்றின் பிற்பகுதி வேறொரு பாடம் புகட்டுகிறது. அதே மிட்ஜ்லியும் அவர்தம் குழுவினரும் 1921-ஆம் ஆண்டில் ஈயச் சேர்க்கை ஒன்று தட்டொலியை முற்றும் அடக்குவதைக் கண்டனர். எஞ்சின்கள் வலிமை பெற்றன. உலகமோ ஈயப் புகையைச் சுவாசித்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக 2021-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் கார்களுக்கான அதன் விற்பனை ஒழிந்தது. எஞ்சினின் ஆற்றலை மட்டும் அளந்து, வெளிவரும் புகையை அளவாது விட்டதன் விலை இது. நமது சிறு மாற்றங்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வெளிப்போக்குக் குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டியைக் கழற்றுவோர், தம் வண்டியின் நச்சுப் புகையை அயலாரின் மூச்சுக்கு அனுப்புகின்றனர்.

இற்றை நாள் வண்டிகளில் இன்னுமொரு தடையும் உளது. வெளிப்போக்கிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவி ஒன்று எரிதலின் நிலையை இடையறாது கண்டறிந்து, கணிப்பொறிக்கு உணர்த்துகிறது. அதுவோ பெட்ரோலின் அளவை உடனே கூட்டியும் குறைத்தும் சமன் செய்கிறது. ஆகவே உள்ளே சிறிது காற்றைக் கசியவிட்டுப் பெட்ரோலைச் சேமிப்பதாகக் கூறும் கருவிகளின் வேலையைக் கணிப்பொறி நொடிப்பொழுதில் அழித்துவிடுகிறது. காந்தக் கட்டியும், காற்றைச் சுழற்றும் தகடும், மாயக் குளிகையும் விற்போர் எக்காலத்தும் உளர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க அளவு எரிபொருளைச் சேமிப்பதாக ஒன்றையும் கண்டதில்லை. விலையுயர்ந்த ஆக்டேன் பெட்ரோலும் அவ்வாறே. தட்டொலி இல்லாத எஞ்சினுக்கு அதனை வார்ப்பது, நோயில்லாதவனுக்கு மருந்து ஊட்டுவதை ஒக்கும். டர்போ பொருந்திய எஞ்சினின் கணிப்பொறி நிரலை மாற்றினால் ஆற்றல் மெய்யாகவே பெருகும் என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் வெப்பத்துக்கும் தேய்மானத்துக்கும் செய்தவன் விட்டுவைத்த காப்பெல்லையே அங்குச் செலவாகிறது.

அங்ஙனமாயின் பலர் "நன்றாக இழுக்கிறது" என்று ஏன் சாதிக்கின்றனர்? ஒலியே காரணம். காது முழக்கத்தைக் கேட்கிறது. மனம் அதனை வேகமென்று மயங்குகிறது. பணமும் உழைப்பும் செலவிட்ட பின்னர், பயனில்லை என்று ஒப்புக்கொள்ள நா எழுவதில்லை. குறைகுடம் கூத்தாடும் என்பது குடத்துக்கு மட்டுமன்று, சைலன்சர் இழந்த எஞ்சினுக்கும் பொருந்தும். நள்ளிரவில் அம்முழக்கத்தால் விழித்தெழும் நோயாளிகளையும் குழந்தைகளையும் நம் நண்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. சட்டமும் இதற்கு இடந்தருவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் செய்தவன் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கிறது.

மாணவ நண்பர்காள்! ஸ்பேனரைக் கையில் எடாதீர் என்று யாம் கூறவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் நன்று. அவ்வாவலே பொறியியல் அறிவின் தொடக்கம். வடிகட்டியைத் துடைத்து வையுங்கள். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைச் சரிபாருங்கள். டயரின் காற்றைத் திட்டப்படுத்துங்கள். எண்ணெயைக் காலத்தில் மாற்றுங்கள். வண்டி இழந்த ஆற்றலை மீட்டுத் தரும் கைத்தொழில் இதுவே. மாற்றம் ஒன்று செய்யத்தான் வேண்டுமெனின், ஒரு காலத்தில் ஒன்றையே செய்யுங்கள். செய்வதற்கு முன்னும் பின்னும், ஆளற்ற நேர்ச்சாலையில், இரு திசையிலும், பன்முறை அளவுங்கள். மாற்றத்தை நீக்கி மீண்டும் ஒருமுறை அளவுங்கள். கடிகாரம் எதிராகச் சாட்சி சொன்னால், அதனை உரத்த குரலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

அன்று எம் தமையனார் கேட்ட இரண்டே சொற்களை இக்கல்லூரியின் ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளத் தகும். அதற்கு யாம் அன்று நேர்மையாக விடை கூறியிருப்பின், ஓர் ஏழை ஆசிரியரின் கிணற்றுச்சுவர் எழும்பியிருக்கும்.