ஊர் தெரியாத காசு

பழைய நாணயத்தைக் கண்டதும் "என்ன விலை போகும்?" என்று கேட்பவர்களே நம்மில் அதிகம். "இது எந்த ஊர்க் காசு?" என்று கேட்பவர் மிகச் சிலர். இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது என் கருத்து. இடைக்கால ஜெர்மனியின் வெள்ளிக் காசுகளே அதற்குச் சான்று.

தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் நான் படித்த வரலாற்றில் பேரரசுகள் இருந்தன. சந்தைக்குப் போன சாதாரண மனிதன் இல்லை. காசு அவனைக் காட்டுகிறது. 12, 13ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் அரசர் மட்டுமா காசு அடித்தார்? பேராயர்களும் சிற்றரசர்களும், குவேட்லின்பூர்க் மடத்துத் தலைவியரும்கூட அடித்தனர். 'பிராக்டியேட்' எனும் காசு தாள் போல மெல்லியது. ஒரு பக்கம் மட்டுமே அச்சடிக்கப்பட்டது.

மக்டெபூர்க் நகரில் பேராயர் விக்மன் காலத்தில் ஆண்டுக்கு இருமுறை பழைய காசு செல்லாததாக்கப்பட்டது. பழைய காசு 12 கொடுத்தால் புதிய காசு 9 மட்டுமே கிடைக்கும். நான்கில் ஒரு பங்கு வரியாகப் போயிற்று! இன்று சேகரிப்பாளர் வியக்கும் விதவிதமான அச்சுகளுக்கு இந்த வரியும் ஒரு காரணம். பிற்காலத்தில் பல நகரங்கள் காசு அடிக்கும் உரிமையை விலை கொடுத்தே பெற்றன.

ஊர்ப்பெயரே காசின் பெயரானதும் உண்டு. ஷ்வேபிஷ் ஹால் நகரின் காசு 'ஹெல்லர்' ஆனது. இடைக்காலம் முடிந்தபின், 1520 வாக்கில் பொகிமியாவின் யோவாகிம்ஸ்தாலில் அடித்த காசு 'தாலர்' ஆகி, 'டாலர்' ஆயிற்று. மலேசியாவில் 1975இல் ரிங்கிட் அதிகாரப்பூர்வப் பெயராகும்வரை அந்தப் பெயர் வழங்கியது. நாமோ இன்றும் 'பத்து வெள்ளி' என்கிறோம்!

அக்காலத்தில் புதைத்து வைத்த காசுப் பானை முழுமையாகக் கிடைத்தால், எந்தெந்த ஊர்க் காசுகள் ஒன்றாகப் புழங்கின, எப்போது புதைத்தனர் என்று அறியலாம். கருவி கொண்டு இரகசியமாகத் தோண்டி, ஒவ்வொன்றாக விற்றுவிட்டால் அந்தச் செய்தி அழிந்துவிடும். அதனால்தான் இத்தகைய புதையலை அரசுடைமையாக்கும் சட்டத்தை பவேரியா மாநிலமும் 2023இல் கொண்டு வந்தது.

சேகரிப்பாளர்கள் இல்லையேல் பல காசுகள் உருக்கப்பட்டிருக்கும் என்பர். உண்மைதான், அவர்களின் பட்டியல்களால் ஆய்வாளர்கள் பயனடைந்துள்ளனர். ஆனால் குறிப்பு இல்லாத சேகரிப்பு வெறும் வெள்ளிக் குவியலே.

ஆகவே, காசு சேர்க்கும் நண்பர்களே, எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாத காசை, எத்தனை மலிவானாலும் வாங்காதீர்கள். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வையுங்கள்: ஊர், அடித்தவர், கண்டெடுத்த இடம், கைமாறிய விவரம்.