தோப்பில் விழுந்த மரத்தை எப்படி அப்புறப்படுத்துவது?

வைகைக் கரையோரம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கோச்சடை வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: ‘காற்றில் 6 தென்னையும் ஒரு வேம்பும் சாய்ந்துவிட்டன. நடுவில் வாய்க்காலும் சொட்டுநீர்க் குழாய்களும் இருப்பதால் ஜே.சி.பி. உள்ளே வர முடியாது. ஆளும் கிடைப்பதில்லை. அடிமரங்களையும் மட்டைகளையும் வெளியே கொண்டுவர என்ன வழி?’

சோழவந்தான், மேலக்கால் பக்கமுள்ள தோப்புக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. மரம் விழுந்த இழப்பு ஒரு பங்கு என்றால், அதை அகற்றும் செலவு இன்னொரு பங்கு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டத் தென்னைகளைச் சாய்த்தபோது அரசு அறிவித்த நிவாரணமே இதைச் சொல்லும். மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய்.

முதலில் எடை தெரிய வேண்டும்

பச்சை மரம் ஏறத்தாழ அதே கன அளவுத் தண்ணீரின் எடை இருக்கும். ஓரடிப் பருமனும் 40 அடி நீளமும் உள்ள தென்னை சுமார் 850 கிலோ. அதையே 3 அடித் துண்டுகளாக அறுத்தால் துண்டு ஒன்று 65 கிலோ அளவில் இருக்கும். கயிற்றில் கட்டித் தோள்கம்பு கொடுத்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். இரண்டடிப் பருமனுள்ள வேம்பில் 3 அடித் துண்டே 260 கிலோ வரும். அதைத் தூக்க நினைக்கக் கூடாது, உருட்டத்தான் வேண்டும். பலகைக்கு ஆகும் வேம்பு என்றால், துண்டு போடும் முன் மரக்கடைக்காரரிடம் நீளம் கேட்டுக்கொள்வது நல்லது.

கைக்கருவிகள்

கடப்பாரை: 5 அடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரை அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து அழுத்தினால், கொடுக்கும் விசை 9 மடங்காகும். ஒருவர் 50 கிலோ அழுத்தினால் மறுமுனை 450 கிலோ வரை நெம்பும். நெம்பியவுடன் அடியில் ஆப்பு வைக்க வேண்டும். இடைவெளியில் கைவிடுவது விரலை இழப்பதற்குச் சமம்.

உருளைக்கட்டை: நெம்பிய மரத்துக்கு அடியில் 3 அல்லது 4 உருளைகளை வைத்துத் தள்ளினால் பாரம் எளிதாக நகரும். பின்னால் விடுபடும் உருளையை முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். வாய்க்கால் மேல் இரண்டு கனமான சட்டங்கள் பாலமாகும். சொட்டுநீர்ப் பக்கக் குழாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

வண்டியில் ஏற்ற: 3 அடி உயர டிரெய்லருக்கு 9 அடிச் சட்டங்கள் இரண்டைச் சாய்த்து வைத்தால், தேவைப்படும் விசை மூன்றில் ஒரு பங்காகும். வடத்தின் ஒரு முனையை டிரெய்லரில் கட்டி, மரத்தின் அடிவழியே சுற்றி, மறுமுனையை மேலே கொண்டுவந்து எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தால் அதுவும் பாதியாகும். இரண்டு வடம், இரண்டு பக்கமும் ஒரே வேகம். 260 கிலோ துண்டுக்குச் சுமார் 45 கிலோ இழுவை போதும். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டாயம் முட்டுக்கல் வைக்க வேண்டும். மரம் ஏறும்போது கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

டிராக்டரில் இழுக்கும்போது

உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். சங்கிலியை டாப் லிங்க்கிலோ இருக்கைக்குக் கீழோ உயரமாகக் கட்டி இழுத்து, மரம் எங்காவது தூரில் முட்டிக்கொண்டால், முன்சக்கரம் எழும்பி டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுநர் மேலேயே கவிழும். சுதாரிக்க நேரம் இருக்காது. பின் அச்சுக்குக் கீழே உள்ள டிரெய்லர் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். முதல் கியரில், இழுவையை மெதுவாகக் கொடுக்க வேண்டும். மரத்தின் முனைக்கடியில் பழைய தகரத்தைச் செருகினால் மண்ணைக் குத்தாமல் வழுக்கி வரும். வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். நைலான் வடம் இழுபட்டு நீள்வதால் அதன் வேகம் இன்னும் அதிகம். வடத்தின் நீளத்துக்கும் அதிகமான தூரம் தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும்.

மட்டை, மிலாறு, முள்

மட்டைகளையும் கிளைகளையும் அடிமுனை ஒரே பக்கம் வருமாறு அடுக்கி, அடியில் வடத்தைச் சுருக்குப் போட்டு, அடிமுனை முன்னால் போகுமாறு இழுத்தால் கிளைகள் மடங்கி வரும். நுனியை முன்னால் விட்டு இழுத்தால் மண்ணில் மாட்டிக்கொள்ளும். சீமைக் கருவேல முள்ளைக் கையால் தொடாமல் நீண்ட கவைக்கம்பால் தள்ள வேண்டும். இந்த மரங்களை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, இப்பகுதி மக்களுக்கு இந்த முள்ளின் தொல்லை நன்றாகவே புரிந்தது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், தூரைத் தோண்டி எடுக்க மட்டும் ஜே.சி.பி. பயன்படும்.

தென்னை மட்டைகளைத் தூளாக்கும் இயந்திரத்தில் அரைத்து மரத்தடியில் மூடாக்காகப் போட்டால், வண்டிச் செலவு மிச்சமாகும், ஈரமும் தங்கும்.

அப்படியே போட்டுவிடக் கூடாது

மட்கும் தென்னை அடிமரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். சில மாதங்களில் வெளிவரும் வண்டுகள் நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். உடனே அகற்ற முடியாத துண்டுகளைப் பிளந்து வெயிலில் காய வைக்க வேண்டும். பனை சாய்ந்திருந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டுள்ளது.

வாடகையும் மானியமும்

வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர், ஜே.சி.பி. ஆகியவற்றை உழவன் செயலியின் இ-வாடகைப் பகுதியில் முன்பதிவு செய்யலாம். மட்டை தூளாக்கும் இயந்திரம் வாங்க நினைப்பவர்கள், இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் இருக்கிறதா என அதே துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம். அத்திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகிறது.

கோச்சடை வாசகரின் தோப்புக்கு ஜே.சி.பி. தேவைப்படாது. ஒரு சங்கிலி ரம்பம், இரண்டு கடப்பாரை, இரண்டு வடம், நான்கு உருளைக்கட்டை, வரப்போரம் நிற்கும் ஒரு டிரெய்லர், நான்கு ஆட்கள். இவ்வளவும் இருந்தால் வாய்க்கால் கரை உடையாமல் வேலை முடியும்.