ஊடுருவல் என்னும் வாதம்

எமது விடுதியில் ஒரு தோழி சென்ற அரையாண்டு முழுவதும் இரவுதோறும் தொடைகளில் ஒரு களிம்பைப் பூசி, அதன்மேல் பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு உறங்கினாள். புலமைப்பரிசிற் பணத்தில் வாங்கிய களிம்பு. பொலித்தீன் எதற்கு என்று கேட்டபோது, “அப்போதுதான் மருந்து உள்ளே இறங்கும்” என்றாள். இக்கட்டுரை அவளுக்கு எதிரானதன்று. ‘உள்ளே இறங்கும்’ என்ற சொல்லைக் கொண்டு வாணிபம் நடத்துவோருக்கு எதிரானது. கலைப்பீட மாணவி தோலைப் பற்றி எழுதுவானேன் என விஞ்ஞானபீட நண்பர்கள் நகைக்கக்கூடும். இங்கு விற்கப்படுவது பெரும்பாலும் சொல். சொல்லை ஆராய்வது எங்கள் தொழில்.

தொடையிலும் பின்புறத்திலும் தோல் தோடம்பழத் தோலைப்போல் மேடுபள்ளமாகத் தெரிவதைச் ‘செலுலைற்’ என்கின்றனர். பருவமெய்திய பெண்களில் நூற்றுக்கு 80 முதல் 90 பேர் வரையில் இது காணப்படுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் உள்ளது நோயாயின், எஞ்சிய பத்துப் பேரையன்றோ வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்! பிரான்சில் வழங்கிய இச்சொல்லை 1968 இல் ‘வோக்’ சஞ்சிகை அமெரிக்கப் பெண்களுக்கு அறிமுகஞ் செய்தது. பத்தாண்டுகளுக்குள், 1978 இல், நூர்ன்பேர்கர், முல்லர் என்னும் ஆய்வாளர் இருவர் தமது கட்டுரையின் தலைப்பிலேயே இதனைப் புனையப்பட்ட நோய் என்று அழைத்தனர். சொல்லோ நிலைத்துவிட்டது.

களிம்புகள் பயன் தரவில்லையே என்று கேட்டால் இன்று கிடைக்கும் விடை நயமானது: “பொருள் நல்லதே, தோல்தான் அதனை உள்ளே விடவில்லை. நாம் இப்போது ஊடுருவலைப் பெருக்கியுள்ளோம்.” இவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. மேற்றோலின் வெளிப்படை சுமார் 10 முதல் 20 மைக்கிரோமீற்றர் தடிப்பே உடையதாயினும், இறந்த கலங்கள் செங்கற்களாகவும் கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்த மதில் அது. மூலக்கூற்றுத் திணிவு 500 தாற்றனுக்கு மேற்பட்டவை அதனைக் கடப்பது அரிது என்பது 2000 ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட விதி. இக்களிம்புகளிற் பெரிதும் சேர்க்கப்படும் கஃபீனின் திணிவு 194. அளவாற் சிறியது, ஆயின் நீரை நாடுவது. எனவே கொழுப்புச் சாந்தினூடே மெல்லவே நகரும். அதனை விரைவுபடுத்த மதுசாரமும் புரொப்பிலீன் கிளைக்கோலும் உதவும். நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுள் அடைத்தும் அனுப்பலாம். தோழியின் பொலித்தீனும் உதவும். 1979 இல் பயண மயக்கத்துக்கான ஸ்கொப்பொலமீன் ஒட்டு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. பின்னர் நிக்கொற்றீன் ஒட்டும் வந்தது. தோல்வழி மருந்தூட்டல் கட்டுக்கதையன்று.

ஆனால் அந்த ஒட்டுக்கள் யார் பக்கம் சாட்சி சொல்கின்றன? அவை மருந்தைக் குருதியிற் சேர்ப்பதால் அல்லவா வெற்றி பெற்றன! மேற்றோலைக் கடந்த பொருளை உட்டோலின் குருதி மயிர்க்குழாய்கள் ஏந்திச் சென்று உடலெங்கும் பரப்புகின்றன. கீழேயுள்ள கொழுப்பு மட்டும் அதற்காகக் காத்திருக்கும் தரிப்பிடமன்று. ஆய்வுகூடக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொழுப்புக் கலங்களைக் கஃபீன் கரைசலில் அமிழ்த்தினால் கொழுப்புச் சிதைவது உண்மை. எமது தொடை கண்ணாடிக் கிண்ணமன்று.

சென்று சேர்ந்ததென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குழி மறையுமா? பெண்களின் தோலுக்குக் கீழே இணைப்பிழைகள் பெரும்பாலும் செங்குத்தாக நின்று தோலைக் கீழ்நோக்கி இழுக்க, இடையிலுள்ள கொழுப்பு மேலே பிதுங்குகிறது. தையலிட்ட மெத்தையிலிருந்து சிறிது பஞ்சை உருவினால் தையற்குழி நிரவிவிடுவதில்லை. மெலிந்த பெண்களிடமும் இது காணப்படுவதன் காரணமும் இதுவே. அவ்விழைகளையே தகர்க்கும் நொதியம் ஒன்று 2020 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பூசுவதற்கன்று, ஊசியால் ஏற்றுவதற்கு. கன்றிப்போதலும் தோல் நிறமாற்றமும் காரணமாக 2022 இறுதியில் உற்பத்தியாளரே அதனைக் கைவிட்டனர். உண்மையில் வேலை செய்யும் பொருள் இவ்வாறு சோதிக்கப்பட்டது, கண்காணிக்கப்பட்டது, தன் தீங்குக்குப் பதிலும் சொல்லிற்று.

களிம்பு விற்போர் அந்தப் பதிலிலிருந்தே தப்புகின்றனர். உடலின் அமைப்பையோ தொழிற்பாட்டையோ மாற்றுவதற்கெனக் கருதப்படும் பொருள் மருந்தே என்கிறது 1938 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். ஆழ ஊடுருவிக் கொழுப்பைக் கரைக்குமாயின் அது மருந்து. எத்தனை மில்லிகிராம் குருதியிற் சேர்கிறது, கர்ப்பிணி பூசலாமா என்பன நிறுவப்பட வேண்டும். ஊடுருவாதாயின், ‘ஊடுருவல்’ என்று எழுதியது ஏன்? உடலளவைக் குறைக்கும் என விளம்பரப்படுத்திய நிவியாக் களிம்பொன்றின் பொருட்டு, பயர்ஸ்டோர்ஃப் நிறுவனம் 2011 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடனான இணக்கப்பாட்டில் 9 இலட்சம் டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அத்தகைய நிறுவனங்களுக்கு அது ஒரு விளம்பரச் செலவு.

இன்னொன்றையும் கூறவேண்டும். மதிலைத் தளர்த்தும் பொருள் கஃபீனுக்கு மட்டும் வாயிலைத் திறந்துவிடுவதில்லை. வாசனைப் பொருளும் பாதுகாப்பு இரசாயனமும் அதே வழியே நுழைகின்றன. தோழியின் தொடைகளில் மூன்றாம் வாரம் செம்மை படர்ந்து அரிப்பெடுத்தது. அதனையும் மருந்து இறங்குவதன் அடையாளமென்றே அவள் கொண்டாள்.

அன்றிரவு இருவரும் சிமிழை விளக்கின் கீழ் வைத்து வாசித்தோம். கொழுப்பைக் குறைக்கும் என்று அதில் எங்கும் இல்லை. கொழுப்பின் ‘தோற்றத்தை’க் குறைக்க ‘உதவக்கூடும்’ என்றிருந்தது. அவள் அவ்விரு சொற்களையும் பென்சிலாற் கோடிட்டாள்.