வக்கீலைத் தேடாதே, விசாரி

“வேலையவிட்டு நிறுத்திட்டாங்க தோழர், நல்ல வக்கீலா ஒருத்தரச் சொல்லுங்க.” அரியலூர், செந்துறை, குன்னம், பெரம்பலூர் என்று எந்தக் காலனிக்குப் போனாலும் நம் சனங்கள் கேட்பது இதைத்தான். நாமும் சட்டைப் பையிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறோம். கைராசி வைத்தியர் பெயரைச் சொல்வதுபோலத்தான். பிழைத்தால் வைத்தியர் பெருமை, செத்தால் அவன் விதி. இதற்குப் பெயர் இயக்க வேலையா?

தொழிலாளி கேள்வி கேட்டால், அவன் பின்னால் பத்துப் பேர் நின்றால், சுமாரான வக்கீலும் ஒழுங்காக வேலை செய்வார். கேட்க நாதியில்லை என்றால் பேர்போன வக்கீலும் கைகழுவி விடுவார். ஆகவே வக்கீலைத் தேடுவதை நிறுத்துவோம். வக்கீலை விசாரிப்போம்.

அரியலூரைச் சுற்றி மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். அதனால்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள். அரசாங்கமே 1979இல் இங்கே ஒன்றைத் தொடங்கியது. பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் பட்டியல் சாதியினர். கல்லுடைக்கிறது, லோடு ஏத்துறது, தூசிக்குள்ள நின்னு மூட்டை தூக்குறது எல்லாம் யாரு? பெரும்பாலும் நம்ம ஆளுங்க. அதுவும் காண்டிராக்டில். காண்டிராக்டர் ஊர்த் தெரு, கூலிக்காரன் சேரி. சண்டை ஊருக்குள் நடந்தால் வேலை ஆலைக்குள் போகும்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு அப்படித்தான் போனது. மாமா பதினோரு வருசம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காண்டிராக்டில் உழைத்தவர். 2014இல் காலனி முகப்பில் கொடிமரம் நட்ட தகராறில் அவர் பெயரும் அடிபட்டது. மறுவாரம் மேஸ்திரி சொன்னான்: “நாளையிலேருந்து வராத.” கடிதம் இல்லை, நோட்டீசு இல்லை. ஊரே கைகாட்டிய ஒரு பெரிய வக்கீலிடம் போனார். வக்கீலும் காண்டிராக்டரும் ஒரே சாதி, ஒரே பந்தி. மாமாவை நிற்க வைத்தே பேசினார். எழுதாத வகாலத்தில் கையெழுத்து வாங்கினார். வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்றார். மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டார். இரண்டு வருசம் அலையவிட்ட பிறகு அங்கே சொன்னார்கள்: “இது எங்க எல்லைல வராதுப்பா.” கட்டைத் திருப்பிக் கேட்டால், “பாக்கிய வச்சிட்டு எடுத்துட்டுப் போ” என்றார் குமாஸ்தா.

இதில் ஒவ்வொன்றும் சட்டப்படியே தப்பு. நம் சனங்களுக்கு இதை யார் சொன்னோம்?

சுரங்கத் தகராறு மத்திய அரசின் எல்லைக்குள் வருவது. சமரசம் மத்தியத் தொழிலாளர் துறை அதிகாரியிடம், வழக்கு சென்னையிலுள்ள மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயத்தில். அரிசி ஆலை, நூற்பாலை, தனியார் பஸ் என்றால் மாநில எல்லை. நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் திருச்சி தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத வக்கீல் எத்தனை கொலைக் கேஸ் ஜெயித்திருந்தால் நமக்கென்ன?

வழக்கில் வருவதில் பங்கு கேட்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

காலக்கெடுவோ உயிர்நாடி. 2010 திருத்தத்துக்குப் பிறகு, வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாக நீதிமன்றம் போக மூன்று வருசம் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் போய், 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்பு நடப்புக்கு வந்துவிட்டது. இப்போது தகராறு எழுந்து இரண்டு வருசம் தாண்டினால் சமரச அதிகாரி அதைக் கையிலெடுக்க முடியாது. இரண்டு வருசத்தைத்தான் அந்தப் பெரிய வக்கீல் வாய்தாவிலேயே தின்றார்.

2016இல் மாமா இரண்டாவதாகப் போனது ஓர் இளம் பெண் வக்கீலிடம். “உக்காருங்கண்ணே” என்றார் முதலில். பிறகு கேட்டதெல்லாம் காகிதம்: கேட் பாஸ் இருக்கா, பி.எப். சீட்டு இருக்கா, வருசத்துக்கு 240 நாள் வேலை செஞ்சதக் காட்ட முடியுமா, இன்னிக்கு இந்த வேலையச் செய்யின்னு சொன்னது காண்டிராக்டர் ஆளா, கம்பெனி ஆளா? இந்தக் கடைசிக் கேள்விதான் ஆணிவேர். காண்டிராக்ட் முறையை அரசு தடை செய்தாலும் தொழிலாளி தானாகக் கம்பெனி ஆளாகிவிட மாட்டான், காண்டிராக்ட் வெறும் வேஷம் என்று அவன் நிரூபிக்க வேண்டும் என்று 2001இல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிரூபணம் வக்கீலின் அலமாரியில் கிடைக்காது. நம் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் கிடக்கும். அவர் கம்பெனியையும் காண்டிராக்டரையும் சேர்த்தே வழக்கில் இழுத்தார். 2019இல் ராசியாகி ஒரு தொகை வந்தது. வேலை வரவில்லை.

இன்னொன்றையும் பேச வேண்டும். சமரச அதிகாரி முன்னால் வக்கீலுக்கே இடமில்லை. நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வக்கீல் வாதாடலாம். 1947 சட்டத்தின் 36ஆம் பிரிவு இது. புதிய தொகுப்பும் இதை வைத்திருக்கிறது. தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி பேசட்டும் என்பது இதன் நோக்கம். ஆனால் முதலாளிகள் சங்கத்தில் நிர்வாகியாக இருக்கும் வக்கீல் அந்த வழியிலேயே உள்ளே வரலாம் என்று 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் தீர்ப்பாயிற்று. முதலாளிக்கு எப்படியும் வக்கீல் உண்டு. சங்கமில்லாத காண்டிராக்ட் கூலிக்கு யார் உண்டு? ஆலை வாசலில் வரிசையாகக் கொடிகள் பறக்கின்றன. எத்தனை சங்கம் காண்டிராக்ட் தொழிலாளியின் சந்தாவை வாங்கியிருக்கிறது? வர்க்கம் பேசும் தோழர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

‘ஜெய் பீம்’ படம் 2021இல் வந்தபின் எல்லோருக்கும் ஒரு சந்துரு வேண்டும். சந்துருவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரியலூர் எல்லையைத் தாண்டினால் வருகிற விருத்தாசலம் பக்கத்தில், 1993இல் ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் கொல்லப்பட்டபோது, அவர் மனைவி விடாமல் நின்றார். உள்ளூர் மார்க்சிஸ்ட் தோழர்கள் கூட நின்றார்கள். அதனால்தான் வழக்கு ஒரு நல்ல வக்கீலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. படம் பார்த்து அழுதவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். பாரிஸ்டர் அம்பேத்கரும் கோர்ட்டோடு நின்றுவிடவில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைக் கட்டினார். 1938இல் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் பம்பாய் மசோதாவை சட்டசபையில் எதிர்த்ததோடு, நவம்பர் 7 வேலைநிறுத்தத்திலும் இறங்கினார்.

ஃபீஸ் கொடுக்கக் காசில்லை என்று முடங்கிக் கிடக்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சொல்கிறது. ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தலித் பெண்ணுக்கு மூன்று வகையில் உரிமை. “பேனல் வக்கீல் சரியாப் பாக்க மாட்டாரு” என்கிறார்கள். உண்மைதான், பல இடத்தில் அப்படித்தான். தொழிலாளர் சட்டம் தெரிந்தவரைப் போடு என்று மாவட்ட ஆணைக்குழுவிடம் பத்துப் பேராகப் போய் மனுக் கொடுத்தோமா? போஸ்டர் ஒட்ட மட்டும் நூறு பேர் திரள்கிறோம்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கறுப்புக் கோட்டு போட்டதும் கட்சிப் பதவி, ஜாமீன் மனு, பஞ்சாயத்து என்று போகிறீர்கள். வன்கொடுமை வழக்கு நடத்த ஆள் வேண்டும், மறுக்கவில்லை. வேலையைப் பறித்துப் பட்டினி போடுவதும் சாதி செய்கிற வேலைதான். அந்த வழக்கை யார் நடத்துவது? தொழிலாளர் நீதிமன்றத்தில் காசு குறைவு, தெரியும். உங்களைப் படிக்க வைத்தது குவாரிக் கூலி, அதுவும் தெரியும்.

ஆகவே, காலனிக்கு ஒரு நோட்டுப் போடுவோம். யாரை, எந்தத் தேதியில், யார் நிறுத்தியது என்று அன்றைக்கே எழுதுவோம். கேட் பாஸையும் பி.எப். சீட்டையும் நகல் எடுத்து வைப்போம். வக்கீலிடம் தனியாக அனுப்பாமல் இருவராகப் போவோம். எந்த அரசின் எல்லை, கெடு என்றைக்கு முடியும், கம்பெனியைச் சேர்ப்பீர்களா, ஃபீஸ் எவ்வளவு, ரசீது உண்டா என்று கேட்போம். எழுதாத தாளில் கையெழுத்துப் போட மாட்டோம். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற வக்கீலின் வாசலைவிட்டு அப்போதே இறங்குவோம்.