கொலுப்படியில் ஒரு மலைப்பாதை

நவராத்திரி வந்துவிட்டால் நம் வீடுகளில் சிற்பிகளுக்குக் குறைவில்லை. படிகளிலே செட்டியாரும் செட்டிச்சியும் வீற்றிருக்க, கீழே மணலைக் கொட்டி, கடுகும் வெந்தயமும் முளைக்கவிட்டு வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி, நம் பெண்மணிகளும் பிள்ளைகளும் ஒரு கிராமத்தையே எழுப்பிவிடுவார்கள். ஆகவே, போர்க்களத்தைச் சிறிதாக்கி மேஜைமேல் வைக்கும் வித்தையை மேல்நாட்டாரிடம் போய்க் கற்கவேண்டிய அவசியம் நமக்கு அதிகமில்லை. ஆனால் அந்த வித்தையில் அவர்களில் ஒருவர் பட்ட பாட்டை மட்டும் அறிந்துகொள்வது நல்லது.

வில்லியம் ஸைபார்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, வாட்டர்லூ யுத்தம் நடந்த பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு, 1830-ல், அந்தப் போர்க்களத்தை உருவாக்கும் பணியை ஏற்றார். அங்கே ஒரு பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். பிறகு, யுத்தத்தில் பிழைத்திருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, "அன்று மாலை ஏழு மணிக்குத் தாங்கள் எங்கே நின்றீர்கள்? எதிரே என்ன கண்டீர்கள்?" என்ற வகையில் விசாரித்தார். பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஏறக்குறைய இருபது அடிச் சதுரத்தில், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஈயப் பொம்மைகளுடன், 1838-ல் அது லண்டனில் காட்சிக்கு வந்தது. சர்க்கார் பணம் பாதியிலேயே நின்றுபோனதால் ஆசாமி கடனாளியானார். அதைவிடப் பெரிய தொல்லை, பிரஷ்யப் படை அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் வந்துவிட்டதாகக் காட்டியது வெல்லிங்டன் பிரபுவுக்கு ரசிக்கவில்லை. பிற்பாடு ஸைபார்ன் பல பிரஷ்யரை மேஜையிலிருந்து அகற்றும்படி ஆயிற்று. ஈயச் சிப்பாய்கள் மறுத்துப் பேசமாட்டார்கள் அல்லவா?

எந்த நேரத்தைக் காட்டுவது, யாரைக் காட்டுவது என்னும் இதே தகராறு நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்திலும் கிளம்பியது. அவ்வீட்டுப் பாட்டனார், காலஞ்சென்றவர், இரண்டாவது மகாயுத்தத்தில் மதராஸ் ஸாப்பர்ஸ் பட்டாளத்தின் 12-வது பீல்டு கம்பெனியில் சாதாரண ஸாப்பராக இத்தாலிக்குப் போனவர். அவர் நினைவாக ஒரு போர்க்களக் காட்சி செய்து கொலுவில் வைக்கவேண்டுமென்று பேரனுக்கு ஆசை. "பெரிய டாங்கி ஒன்று வை, கொடி ஒன்று நாட்டு" என்றார் தமையனார். "தாத்தா டாங்கி ஓட்டவில்லையே, அண்ணா!" என்றார் தம்பி.

அவர் சொன்னது வாஸ்தவம். 1944-ன் தொடக்கத்தில் நேசப்படைகள் ரோமாபுரிக்குப் போகும் வழியைக் கஸினோ மலை மறித்தது. மலையுச்சியிலிருந்த புராதன மடாலயத்தை பிப்ரவரி 15-ல் விமானங்கள் இடித்தும் வழி திறக்கவில்லை. அந்த மலைத்தொடரில் கைரா என்ற கிராமத்திலிருந்து மேலே ஏறிய, கோவேறு கழுதை போகும் தடத்தை டாங்கி ஏறும் பாதையாக அகலப்படுத்தும் வேலை, 4-வது இந்திய டிவிஷனின் ஸாப்பர்களுக்கும் நியூஜீலந்து எஞ்சினியர்களுக்கும் விழுந்தது. குளிரிலும் சேற்றிலும் பாறையை உடைத்தார்கள். பகைவர் கண்ணுக்குத் தப்ப வலை கட்டினார்கள். மார்ச் 19-ல் டாங்கிகள் அவ்வழியே ஏறி ஜெர்மானியரைத் திகைக்கச் செய்தன. கூடச்செல்லக் காலாட்படை இல்லாததால் பலவற்றை இழந்து திரும்பின. மடாலயம் போலந்து வீரர் கைக்கு வந்தது மே 18-ல்தான்.

பேரன் தேர்ந்தெடுத்தது மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு நாள். டாங்கி இன்னும் வரவில்லை. பாதையே பாதிதான் இருக்கிறது. நம் அபிப்பிராயத்தில் இது மிகச் சரியான தேர்வு. டாங்கியை வைத்திருந்தால் பார்ப்பவர் கண்ணெல்லாம் அதன்மேல்தான் போகும். பாட்டனார் அதற்குக் காவற்காரர்போல ஓரமாய் நின்றிருப்பார்.

அளவு 72-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதன் இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் நிற்பான். நூறு மீட்டர் பாதைக்கே ஒன்றரை மீட்டர் பலகை வேண்டியிருப்பதால் ஒரே ஒரு வளைவோடு நிறுத்திக்கொண்டார். பாறைக்குப் பாரிஸ் சாந்து. ஆலிவ் மரத்துக்கு முறுக்கிய செப்புக் கம்பி. மறைப்பு வலைக்கு, காயத்துக்குக் கட்டும் துணியைக் காப்பி டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்தது. கஷ்டம் மனிதர்களிடத்தில்தான் வந்தது. கடையில் கிடைத்த பொம்மைகள் அனைவரும் வெள்ளைக்காரர்கள். அனைவர் கையிலும் துப்பாக்கி. பூதக்கண்ணாடியும் மெல்லிய கத்தியுமாக உட்கார்ந்து, துப்பாக்கிகளை அறுத்தெடுத்துவிட்டுக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொடுத்து, முகங்களுக்கு நம் ஊர் நிறம் தீட்டி முடிக்க இரண்டு மாதம் பிடித்ததாம்.

உறவினர் ஒருவர் வேறு ஆட்சேபம் எழுப்பினார். அந்நிய சர்க்காரின் சம்பளத்துக்குப் போனவருக்குக் கொலுவில் இடமா என்று. அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வியல்ல. அந்த யுத்தத்தில் இந்தியப் படையில் சேர்ந்தோர் சுமார் 25 லட்சம் பேர். மாண்டோர் 87,000-க்கு மேல். நம் தேசத்தைக் கேளாமலே நம்மை யுத்தத்தில் இறக்கியதை 1939-ல் நாடே கண்டித்தது. ஆயினும் அதே பட்டாளத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனை எண்ணிப் பார்க்கிறோம். 1944 பிப்ரவரி 24-ல், கஸினோவுக்குச் சற்றுத் தெற்கே மிக்னானோவில், கண்ணிவெடி வெடிக்கப்போவதை உணர்ந்து அதன்மேல் தாமே விழுந்து, அருகிலிருந்தவர்களைக் காத்து உயிர்விட்டார். ஜார்ஜ் சிலுவை விருது அவர் மறைந்தபின் வந்தது. அவர் காத்த உயிர்கள் எந்தச் சர்க்காருக்குச் சொந்தம்?

உறவினர் இதற்குச் சமாதானமடைந்தாரா என்று தெரியாது. கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போனார். குழந்தைகளின் குறை வேறு. அந்தப் பாதை சென்று முடியும் இடத்துக்கு யுத்தகாலப் படத்தில் 'மதராஸ் சர்க்கஸ்' என்று பெயர். சாலைகள் கூடும் திடலுக்கு ஆங்கிலேயர் சர்க்கஸ் என்பது வழக்கம். பேரன் அந்தப் பெயரையே அட்டையில் எழுதிப் பலகையோரம் நட்டுவைத்தார். பார்க்க வந்த அண்டைவீட்டுக் குழந்தைகள், கோவேறு கழுதை இருக்கிறது, யானையும் கோமாளியும் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.